ஆனி லெனாக்ஸைப் பின்வரிசையில் நிறுத்திய ஆல்பம்: யூரித்மிக்ஸின் ‘இன் த கார்டன்’, 1981

யூரித்மிக்ஸ் என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ பாட்டின் அந்த சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) மெட்டு தெரிந்திருக்கும்; விளம்பரம், ஹாலிவுட் படம், ரீல்ஸ் என்று எங்காவது காதில் விழுந்திருக்கும். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஆனி லெனாக்ஸ், இன்னொருவர் டேவ் ஸ்டூவர்ட். நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும்படி சொன்னால், 2011இல் மிக் ஜாகரும் ஏ.ஆர். ரகுமானும் சேர்ந்து பாடிய சூப்பர்ஹெவி குழுவை ஜாகரோடு சேர்ந்து தொடங்கிய அதே ஸ்டூவர்ட்தான். இந்த இருவரின் முதல் ஆல்பம் அந்தப் பாட்டின் பெயரிலேயே வந்த ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ இல்லை. அதற்கு ஒன்றேகால் வருடம் முன்னால், 1981 அக்டோபரில், ஆர்சிஏ என்ற இசைப்பதிவு நிறுவனம் ‘இன் த கார்டன்’ என்ற பத்துப் பாட்டு ஆல்பத்தை வெளியிட்டது. பிரிட்டன் ஆல்பம் பட்டியலின் கடைசி இடத்தைக்கூட அது தொடவில்லை.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: ஜெர்மனிக்குப் போய் ஏதோ பரிசோதனை செய்தார்கள், எடுபடவில்லை, அப்புறம் பாடம் கற்றுக்கொண்டு ஹிட் கொடுத்தார்கள். ரசிகர்கள் தரப்பில் இன்னொரு வாக்கியம் உண்டு, காலத்தை முந்திய ஆல்பம், உலகத்துக்குப் புரியவில்லை. இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. அந்த வருடத்துப் பட்டியல்களையும் இந்த ஆல்பத்தில் வாசித்தவர்களின் பெயர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பக் கேட்டால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. லெனாக்ஸ் ஸ்காட்லாந்தின் அபெர்டீன்காரர், லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் புல்லாங்குழல் படிக்கப் போய், கடைசித் தேர்வு எழுதாமல் வெளியே வந்தவர். ஸ்டூவர்ட் இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாண்டு. இருவரும் காதலர்கள். பீட் கூம்ப்ஸ் என்ற மூன்றாமவரோடு சேர்ந்து த டூரிஸ்ட்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். அந்தக் குழுவின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் கூம்ப்ஸ்தான். அவர்களுக்குக் கிடைத்த பெரிய ஹிட்டோ கூம்ப்ஸ் எழுதியதுகூட இல்லை, டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு அறுபதுகளில் பாடிய ‘ஐ ஒன்லி வான்ட் டு பீ வித் யூ’வைத் திரும்பப் பாடியது, 1979இல் பிரிட்டனில் நான்காம் இடம் வரை போனது. அந்த ஹிட்தான் அவர்களுக்கு வினையாகவும் போனது. இசைப் பத்திரிகைகள் பழைய பாட்டைப் பாடிப் பிழைக்கும் கூட்டம் என்ற கணக்கில் எழுதித் தள்ளின. பதிவு நிறுவனத்தோடு வழக்கு, கடன், உள்ளே மனஸ்தாபம். 1980 கடைசியில் ஆஸ்திரேலியப் பயணத்தோடு குழு உடைந்தது. காதலும் ஏறக்குறைய அதே நேரத்தில் முடிந்தது.

காதலர்களாகப் பிரிகிற நேரத்தில்தான் இசையில் இருவர் குழுவாகச் சேர முடிவெடுத்தார்கள் என்பது விசித்திரம், ஆனால் அதுதான் நடந்தது. வாக வாக என்ற ஆஸ்திரேலிய ஊரின் ஓட்டல் அறையில், வாஸ்ப் என்ற மலிவான சின்ன சிந்தசைசரை வைத்து ஸ்டூவர்ட் நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை பிறந்ததாக இருவரும் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். நிரந்தரமாக இருவர் மட்டும், மற்றவர்கள் தேவைக்கு வந்து போவார்கள். நான்கைந்து பேர் ஒரு வேனில் அடைந்து கிடந்து வெறுத்துப்போனவர்களுக்கு இது நியாயமான ஏற்பாடுதான்.

ஆக 1981 தொடக்கத்தில் கையில் என்ன இருந்தது? எழுதிப் பழக்கமில்லாத இரண்டு பேர், பத்திரிகைகளுக்குப் பிடிக்காத பழைய பெயர், முடிந்துபோன காதல், அப்புறம் அந்தக் காலத்து பிரிட்டனின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று. கடைசியில் சொன்னதை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

கொலோனுக்குப் பக்கத்துப் பண்ணை வீடு

ஒலிப்பதிவுக்கு அவர்கள் தேர்ந்த ஆள் கானி பிளாங்க். டூரிஸ்ட்ஸின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே, ஆகவே இவர்களுக்குப் புது மனிதர் இல்லை. ஒரு காலத்தில் நடிகையும் பாடகியுமான மார்லீன் டீட்ரிச்சுக்கு ஒலி அமைத்தவர், அப்புறம் கிராஃப்ட்வெர்க்கின் ஆரம்ப ஆல்பங்கள், நாய் (Neu!, குழுவின் பெயர்தான்), கிளஸ்டர், ஹார்மோனியா என்று எழுபதுகளின் ஜெர்மன் இசையில் எதைத் தொட்டாலும் அவர் பெயர் வரும். ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வெளியே வோல்பெராத் என்ற கிராமத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டை ஸ்டூடியோவாக்கி, குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்தார். இசைக்கலைஞர்கள் வந்தால் அங்கேயே தங்கலாம், அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சாப்பிடலாம். ஒலிகளைக் கலக்கிற மிக்ஸிங் மேசையும் கடையில் வாங்கியது இல்லை, அவருக்கென்றே கட்டப்பட்டது. லண்டன் ஸ்டூடியோ மாதிரி மணிக்கணக்குப் பார்த்து, வாடகை மீட்டர் ஓடுகிற பயத்தோடு வேலை செய்யவேண்டிய இடமில்லை அது.

யார் யார் வந்து வாசித்தார்கள் என்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மலைப்புத்தான். கேன் என்ற ஜெர்மன் ராக் குழுவிலிருந்து ஹோல்கர் சூக்காயும் யாக்கி லீபெட்சைட்டும். பிளாண்டி என்ற அமெரிக்கக் குழுவிலிருந்து கிளெம் பர்க். டாஃப் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவிலிருந்து ராபர்ட் கெர்ல். ஊதுகுழல்களுக்கு மார்க்குஸ் ஷ்டாக்ஹவுசன், அதாவது நவீன இசையின் பெரிய தலையான கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுசனின் மகன். சூக்காய் அந்த அப்பாவிடமே மாணவராக இருந்தவர், ஆக குருவின் மகனும் சீடரும் ஒரே பாப் ஆல்பத்தில். கிடாரில் ரோஜர் பாம்ஃப்ரி. சூக்காய் கேனில் வாசித்தது பேஸ் கிடார், இங்கே அவர் வாசித்தது ஃபிரெஞ்ச் ஹார்னும் தாய்லாந்து நரம்பு வாத்தியம் ஒன்றும். போதாக்குறைக்கு ‘நடை’ என்றும் அவர் பெயரில் போட்டிருக்கிறது, நடந்து போகிற காலடிச் சத்தத்துக்கு.

இதில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். பர்க், லீபெட்சைட், கெர்ல் மூவருமே டிரம்ஸ் வாசிப்பவர்கள், மூவரின் கையும் மூன்று விதம். பர்க் தாவித் தாவி அடிக்கிற ராக் கை. லீபெட்சைட் கடிகாரம் மாதிரி ஒரே சுற்றைப் பிடித்து அசையாமல் போவார், ஆனால் உள்ளுக்குள் அது நடனமாடும். கெர்ல் இயந்திரத்தோடு போட்டி போட்டு அடித்துப் பழகியவர். இருவர் குழு என்று அறிவித்துவிட்டு ஒரு பட்டாளத்தையே கூட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து இதே இருவரை உலகப்புகழாக்கிய ஒலி ஒரு டிரம் மெஷினும் ஒரு சில சிந்தசைசரும் மட்டும் என்பதை யோசித்தால், இந்த முதல் ஆல்பம் பழைய குழு வாழ்க்கையிலிருந்து அவர்கள் முழுதாக வெளியே வரவில்லை என்பதற்கான சாட்சி.

தோல்விக்குச் சொல்லப்படும் காரணங்கள்

காலத்தை முந்தியது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1981 இலையுதிர் காலத்தில் பிரிட்டனில் எது விற்றது? செப்டம்பரில் சாஃப்ட் செல் என்ற இன்னொரு இருவர் குழு ‘டெய்ண்டட் லவ்’ பாட்டோடு முதலிடத்தில். அக்டோபரில், அதாவது ‘இன் த கார்டன்’ வந்த அதே மாதம், ஹியூமன் லீக்கின் ‘டேர்’ ஆல்பம் வெளியாகி முதலிடத்துக்குப் போனது, அதிலிருந்து வந்த ‘டோன்ட் யூ வான்ட் மீ’ அந்த வருடக் கிறிஸ்துமஸின் முதலிடப் பாட்டு. டெப்பெஷ் மோடின் முதல் ஆல்பமும் அந்தப் பருவத்தில்தான். சிந்தசைசர் வைத்த குளிர்ந்த பாப் இசைக்கு ஜனங்கள் வரிசையில் நின்று காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலம் தயாராகவே இருந்தது.

அடுத்தது, பிளாங்க் ஒரு கலைப்பித்தர், அவர் கையில் போனால் பாப் செத்துவிடும் என்ற வாதம். அதே 1981 தொடக்கத்தில் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போய் வாரக்கணக்கில் நின்ற அல்ட்ராவாக்ஸ் குழுவின் ‘வியன்னா’ பாட்டைத் தயாரித்தவர் யார்? பிளாங்க்தான். நாடகத்தனமான ஒரு குரலை எப்படி முன்னுக்கு நிறுத்தி, சுற்றிலும் வெற்றிடம் விட்டு, கடைசியில் வெடிக்க வைப்பது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இங்கே அது நடக்கவில்லை என்றால், வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான்: இந்த ஆல்பத்தின் உண்மையான பரிசோதனை காலடிச் சத்தமோ தாய்லாந்து வாத்தியமோ இல்லை, ஆனி லெனாக்ஸை ஒளித்துவைத்ததே. அவர் குரல் பத்துப் பாட்டிலும் பெரும்பாலும் மிக்ஸின் நடுவில் அல்லது பின்னால், எதிரொலிக்குள், தன் மேலேயே இரண்டாகப் படிந்து, சன்னமாக, உணர்ச்சி காட்டாமல் வருகிறது. கிடாரும் ஹார்னும் எந்த உயரத்தில் நிற்கின்றனவோ அதே உயரம்தான் அவருக்கும். கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் பந்தி பரிமாறுகிறவர்களோடு நிறுத்தி வைத்த மாதிரி. டூரிஸ்ட்ஸ் காலத்தில் வெள்ளை வெளேர் முடியோடு முன்னால் நின்று பாடி, பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்பதால் இந்தப் பின்வாங்கல் எனக்குப் புரிகிறது; நான் இனி பொம்மை இல்லை, நானும் இசைக்கலைஞர்தான் என்று சொல்லவேண்டிய தேவை இருந்திருக்கும். ஆனால் கடையில் இசைத்தட்டை எடுத்துப் பார்க்கிறவருக்கோ வானொலியில் கேட்கிறவருக்கோ பிடித்துக்கொள்ள ஒரு முகமும் இல்லை, குரலும் இல்லை. ‘டேர்’ ஆல்பத்தில் எல்லா இயந்திரத்துக்கும் நடுவில் மூன்று மனிதக் குரல்கள் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். வித்தியாசம் அங்கேதான்.

இதைச் சொல்லும்போது ஆர்சிஏ மீதும் ஒரு வரி எழுதியாகவேண்டும். இரண்டு சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) வெளியிட்டார்கள். ‘நெவர் கோனா க்ரை அகெய்ன்’ 63ஆம் இடம். ‘பெலிண்டா’ எங்கேயும் வரவில்லை. ஆல்பத்தின் மிகப் பலமான பாட்டு என்று நான் நினைக்கிற ‘டேக் மீ டு யுவர் ஹார்ட்’டை அவர்கள் சிங்கிளாகத் தொடவே இல்லை.

பாட்டுகளுக்குள் போனால்

‘டேக் மீ டு யுவர் ஹார்ட்’ மூன்றாவது பாட்டு. ஒரே அளவாகத் துடிக்கிற சிந்தசைசர், எலும்பு மட்டும் மிச்சமிருக்கிற தாளம், அதன் மேல் கிசுகிசுப்புக்கும் பாடுவதற்கும் நடுவில் நிற்கிற லெனாக்ஸ். பிற்பாடு வந்த யூரித்மிக்ஸின் மொத்த இலக்கணமும் இதில் இருக்கிறது. கெஞ்சுகிற வார்த்தைகள், கெஞ்சாத குரல். குரலை அடக்கி வைத்தது இந்த ஒரு பாட்டில் மட்டும் பலமாகிறது, ஏனென்றால் சுற்றிலும் வேறு கூட்டமில்லை. அடக்கிப் பாடினாலும் அவர்தான் நடுவில் இருக்கிறார். மற்ற பாட்டுகளில் அடக்கிப் பாடினார், நடுவிலும் இல்லை.

‘நெவர் கோனா க்ரை அகெய்ன்’ தரத்தில் அதற்கு அடுத்தபடி. தலைப்பு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லியே பாட்டை ஓட்டுகிறார், இனி அழமாட்டேன் என்று அத்தனை தடவை சொல்கிறவர் அழுதுகொண்டுதான் இருக்கவேண்டும் என்பது கேட்கிற யாருக்கும் புரியும். நடுவே லெனாக்ஸே வாசிக்கிற புல்லாங்குழல் வருகிறது. ராயல் அகாடமியில் பாதியில் விட்ட படிப்பு இப்படி எங்கோ ஒரு ஜெர்மன் கிராமத்தில் பயன்பட்டிருக்கிறது, அதுவும் பாடகி காட்ட மறுத்த உணர்ச்சியை அந்தக் குழல் காட்டுகிற மாதிரி.

முதல் பாட்டு ‘இங்கிலிஷ் சம்மர்’ ஒரு மந்தமான, புழுக்கமான பாட்டு, நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன். கிடார் நீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி மிதக்கிறது. ஆல்பத்தைத் திறப்பதற்கு இது சரியான கதவு, ஆனால் 1981இல் டூரிஸ்ட்ஸ் ரசிகர் ஒருவர் இதைப் போட்டுக் கேட்டிருந்தால் தவறான தட்டை வாங்கிவிட்டோமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்திருப்பார். அதற்காகவே அடுத்ததாக ‘பெலிண்டா’வை வைத்தார்களோ என்னவோ, அது கிடார் ஓட்டமாக, பழைய குழுவின் வாசனையோடு இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், மனதில் தங்காது. ‘ஷீ இஸ் இன்விசிபிள் நவ்’ எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிகவும் அந்தரங்கமான பாட்டு. கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி, கண்ணுக்குத் தெரியாமல் போக விரும்புகிற ஒரு பாடகி பாடுகிறார். மொத்த ஆல்பத்தின் நிலைமையையும் அறிந்தோ அறியாமலோ அவர்களே பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் பக்கம் தள்ளாடுகிறது. ‘கேவ்மேன் ஹெட்’ டிரம்ஸ் காட்டுவதற்காகப் போட்ட பாட்டு, அதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை. ‘சிங் சிங்’ ஃபிரெஞ்சில் பாடியது, விளையாட்டாக ஆரம்பித்து விளையாட்டாகவே முடிகிறது. ‘ஆல் த யங்’ நீளம். கடைசிப் பாட்டான ‘ரிவெஞ்ச்’ பரவாயில்லை, அதில் ஒரு முறுக்கு இருக்கிறது. (1986இல் ‘ரிவெஞ்ச்’ என்ற பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டார்கள், அந்த ஆல்பத்தில் அந்தப் பெயரில் பாட்டே கிடையாது. பழைய பாட்டுக்கு ஐந்து வருடம் கழித்து உறை அச்சடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.)

உடனே பாடம் கற்கவில்லை

தோற்றார்கள், கற்றார்கள், ஜெயித்தார்கள் என்று மூன்று வரியில் முடிப்பவர்கள் 1982ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்த வருடம் மோசமான வருடம். ஸ்டூவர்ட் வங்கியில் சில ஆயிரம் பவுண்டு கடன் வாங்கி எட்டு டிராக் டேப் மெஷினும் வேறு சில சாமான்களும் வாங்கினார். லண்டன் சாக் ஃபார்ம் பகுதியில் ஒரு படச் சட்டக் கடைக்கு மேலே வீட்டு ஸ்டூடியோ மாதிரி ஒன்றைப் போட்டார்கள். ஸ்டூவர்ட்டுக்கு நுரையீரல் தொல்லை, ஆஸ்பத்திரி வாசம். லெனாக்ஸ் கடும் மனச்சோர்வில். இதற்கு நடுவில் வந்த சிங்கிள்கள்: ‘திஸ் இஸ் த ஹவுஸ்’ பட்டியலிலேயே இல்லை, ‘த வாக்’ 89, ‘லவ் இஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ முதல் தடவை வந்தபோது 54. முதல் ஆல்பத்துக்கு அப்புறமும் வரிசையாக மூன்று அடி. அதற்குப் பிறகு 1983 ஜனவரியில்தான் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ வந்து பிரிட்டனில் இரண்டாம் இடமும், செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடமும் பிடித்தது. ‘லவ் இஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ஐத் திரும்ப வெளியிட்டபோது அதே பாட்டு ஆறாம் இடம்.

பாட்டு மாறவில்லை, ஒரு வருடத்துக்குள் 54 ஆறாகிவிட்டது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். தட்டுக்குள் இருந்த குறை பாதி என்றால், கத்தரித்த ஆரஞ்சு முடியும் ஆண்கள் போடும் கோட்டுமாக எம்டிவியில் வந்து கண்ணை நேராகப் பார்த்த அந்த முகம் மீதிப் பாதி. ‘இன் த கார்டன்’ வந்தபோது அந்த முகம் இன்னும் தயாராகவில்லை.

இருந்தாலும் வோல்பெராத்தில் கழித்த நாட்கள் வீணாகவில்லை என்பதற்கு ஆதாரம் சாக் ஃபார்ம் மாடியிலேயே இருக்கிறது. பெரிய ஸ்டூடியோ வேண்டாம், சொந்தமாக ஒரு இடம் போதும், நேரம் நம்முடையதாக இருக்கவேண்டும் என்பது பிளாங்கின் வாழ்க்கை முறை, அதைத்தான் கடன் வாங்கிப் பிரதி எடுத்தார்கள். கையில் கிடைக்கிற எதுவும் வாத்தியம் என்பதும் அங்கே பழகியதுதான். ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ பாட்டில் தண்ணீர் ஊற்றிய பால் பாட்டில்களைத் தட்டி வாசித்ததாக ஸ்டூவர்ட் சொல்லியிருக்கிறார், அதற்கு முந்தைய தட்டில் சூக்காயின் காலடிச் சத்தம். விட்டது பட்டாளத்தை மட்டும். மூன்று டிரம்ஸ்காரர்கள் போய் ஒரு மெஷின் வந்ததும் அந்த இடம் முழுவதும் குரலுக்குக் கிடைத்தது. உறவுகள்கூட அறுந்துபோகவில்லை: 1984இல் கெர்ல் தனியாக ஒரு ஆல்பம் போட்டபோது அதில் லெனாக்ஸ் போய்ப் பாடிக் கொடுத்தார்.

பிளாங்க் 1987 டிசம்பரில், 47 வயதில் புற்றுநோயில் இறந்துபோனார். லீபெட்சைட், சூக்காய் இருவரும் 2017இல், ஒருவர் ஜனவரியில், ஒருவர் செப்டம்பரில். 2005இல் யூரித்மிக்ஸ் ஆல்பங்கள் ரீமாஸ்டர் செய்யப்பட்டு வந்தபோது இதற்கும் கூடுதல் பாட்டுகளோடு ஒரு பதிப்பு கிடைத்தது. அதில் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் வந்த ‘லெ சினிஸ்த்ர்’ என்ற பாட்டும் இருக்கிறது, பேய்ப்பட ஒலி மாதிரி, ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிற சில பாட்டுகளைவிட இதையே உள்ளே வைத்திருக்கலாம். கச்சேரிப் பதிவுகள் மூன்றும் உண்டு.

இதைக் கேட்க நினைக்கிறவர்கள் வரிசைப்படி கேட்கவேண்டாம். மூன்றாவது பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் ஏழு, நான்கு, ஒன்று. இந்த நான்கும் பிடிக்கவில்லை என்றால் மற்ற ஆறும் நிச்சயம் பிடிக்காது, நேரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு ‘லவ் இஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ போட்டுக் கேளுங்கள்.